கண்டாக்டர் எழுந்தருளிய வரலாறு

தும்பிக்கை நாயகனே! துருவெல்லாம் தீர்ப்பவனே!
நம்பிக்கை ஒன்றல்லால் நான்கொணர்ந்த தொன்றில்லை;
செம்பொற்கை சற்றசைத்துத் திருவருள்நீ செய்தாயேல்
இம்பரிலே இரும்பானை எழுந்துநடை கொள்ளாதோ!

யாப்பு கற்றோர் இந்த நான்கடியில் குறை காணக்கூடும். காணட்டும். பிள்ளையார் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதத் தொடங்கும் இன்று தைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, வெள்ளிக்கிழமை. இராகு காலம் கழியட்டும் என்று நண்பகல் வரை பேனாவைத் தொடாமல் அமர்ந்திருந்தேன். அந்த நேரத்தில் கத்தரிக்காய் நறுக்கித் தரும்படி மனைவி பணித்தாள். கத்தரிக்காய்க்கு இராகு காலம் கிடையாதாம்.

நாங்கள் குடியிருப்பது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஓர் அடுக்ககம். ஓய்வு பெறும்வரை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிப்பாகக் கிடங்கைக் காத்தவன் நான். ஓய்வுக்குப் பின் என் தொண்டு ஒன்றே. மார்கழி முழுதும் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வளாகத்துப் பிள்ளையார் சந்நிதியில் ஒலிபெருக்கி வைத்து, அடியார்கள் அருளிய பாடல்களை நானே தனியாக ஓதுவேன். எங்கள் அடுக்ககத்தில் பெரும்பாலோர் கணினித் துறையினர். கடல் கடந்த நாடுகளின் கடிகாரத்துக்கு வேலை செய்துவிட்டு, நான் எழும் நேரத்தில் படுப்பவர்கள். எனக்கும் அவர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் முப்பது நாள் அமைதியான ஒரு போர் நடக்கும். அமைதி அவர்கள் பக்கம். ஒலி என் பக்கம்.

வளாகத்தின் வடகிழக்கு மூலையில், மதிலை ஒட்டி, ஒரு வண்டி பல்லாண்டுகளாக நின்றது. ஆமை ஓடு போன்ற இரும்பு உடல், நான்கு பெரிய சக்கரங்கள், பின்னால் யானையையே மாட்டலாம் போன்ற ஒரு கொக்கி. துரு ஏறிச் செம்மண் நிறமாகிவிட்டது. அதன் முகப்பு விளக்குகள் இரண்டுக்கும் மேலே வெள்ளிக் கண்மலர்கள் ஒட்டப்பட்டிருந்தன. கண் நோய் தீர அம்மன் கோயிலில் காணிக்கை செலுத்துவார்களே, அதே கண்மலர்கள். ஒன்றிரண்டல்ல, வரிசை வரிசையாக. எதிரே சென்று நின்றால், முப்பது நாற்பது கண்களால் அது நம்மை ஒருசேரப் பார்க்கும். கட்டடம் கட்ட வந்தவர்களும் அதை அசைக்க அஞ்சி, அதைச் சுற்றியே மதில் எழுப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆடி மாதப் பொதுக்கூட்டத்தில்தான் வினை தொடங்கியது. எங்கள் நலச் சங்கத் தலைவி கோயம்புத்தூர்க்காரர். மென்மையாகப் பேசியே காரியத்தை முடிப்பவர்.

"ஏனுங்க ஐயா, அந்த மூலையில நாலு கார் நிறுத்தலாமுங்க. கரண்டு காருக்கு சார்ஜ் போடற பாயிண்ட் வச்சுக்கலாமுங்க. அந்த இரும்பை எடைக்குப் போட்டுடலாமுங்களா?"

"அது இரும்பன்று, அம்மா. போர்க்காலத்து ராணுவ ஊர்தி. கிடைத்தற்கரியது," என்றேன். அது போர்க்காலத்தது என்பதை அதன் தோற்றம் கொண்டே ஊகித்திருந்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது.

"ஓடுங்களா?"

"ஓடும்."

"கடைசியா எப்ப ஓடுச்சுங்க?"

அவையில் சிரிப்பு எழுந்தது. எந்தத் தேவதை என் நாவில் வந்து அமர்ந்ததோ, அறியேன். எழுந்து நின்று, "நானே ஓட்டிக் காட்டுவேன்!" என்று முழங்கினேன். கூட்டக் குறிப்பு எழுதியவர் 'நானே' என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் குரல் கொடுத்தார்: "மேடம், அப்படியே அந்த மார்கழி மைக்கையும் இதுலயே சேர்த்துப் பேசி முடிச்சிருங்க!"

கைதட்டல் வலுவாக எழுந்தது. அத்தனை பேர் தூக்கம் இழந்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவ்வாறே தீர்மானம் நிறைவேறியது. கார்த்திகை கடைசி நாளுக்குள் அந்த வண்டி தன் காலில் வளாகத்தை ஒரு சுற்று வரவேண்டும். அது இன்னது என்பதற்கு ஆதாரமும் காட்டவேண்டும். இரண்டும் நடந்தால் வண்டி வாயிலருகே நிற்கும், ஒலிபெருக்கியும் தொடரும். நடவாவிட்டால் வண்டி எடைக்கு, ஒலிபெருக்கி பரணுக்கு.

வீடு திரும்பும் வழியில் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க மொபெட்டையே தள்ளிக்கிட்டுத்தான வருவீங்க?"

நான் ஒலிபெருக்கி இல்லாத மார்கழியை நினைத்துக்கொண்டிருந்தேன். மணியின் நா இல்லாத கோயில்போல் இருந்தது.

வானகரத்தில் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு மெக்கானிக்கை அணுகினேன். ஐம்பதை நெருங்கியவர். அவருடைய முன்னோர் இதே ஏரிக்கரை நிலங்களில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். வண்டி எது என்று சொன்னதும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா சாமி, கண்டாக்டர் வண்டியையா சொல்ற? அது எங்க அத்தை கும்புடற வண்டி. அத்தைகைல ஒரு வார்த்தை கேக்காம கை வெச்சேன்னு வெய்யி, என் கை கையா இருக்காது."

அந்த அத்தையை ஏரிக்கரைக் குடியிருப்பில் கண்டோம். எழுபது தாண்டியவர், கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மருமகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஸ்பேனரை வாங்கி அதற்குத் திருநீறு பூசினார்.

"கண்டாக்டருக்கு ஒடம்பு சரி பண்றதுக்குத்தான? பண்ணு. ஆனா கண்ணுமலரை எவனாச்சும் கய்ட்டினா அவன் கண்ணு போய்டும், சொல்ட்டேன்."

"அதற்கு ஏன் அம்மா கண்டாக்டர் என்று பெயர்?" என்றேன்.

"எங்க அப்பாரு காலத்துலேர்ந்தே அதான் சாமி பேரு. கண்ணு வலின்னா மூணு சுத்து சுத்திகினு வருவோம். மறுநாளே சரியாப் பூடும்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வரலாற்றை வேரோடு தோண்டிவிடுவது என்று உறுதி பூண்டேன்.

முதலில் அது பேருந்துக் கண்டக்டரைக் குறிக்கும் சொல் என்று கருதினேன். பருத்திப்பட்டில் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவரைத் தேடிச் சென்றேன். வாசலில் நின்றவனை, "உள்ள போங்க, உள்ள போங்க, இன்னும் எடம் இருக்கு," என்று பின்னாலிருந்து தள்ளியே வீட்டுக்குள் அழைத்துப் போனார். வண்டியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சில்லறை இல்லாதவரை எப்படிச் சமாளிப்பது என்பது பற்றி மட்டும் ஒரு பிற்பகல் முழுதும் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும் வழியில், ஏரிக்கரைக் காற்று முகத்தில் பட்டபோது, உண்மை மின்னியது. மின்னியதாக அன்று எண்ணினேன். கண் டாக்டர்! போரில் கண் பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்ய ஊர் ஊராகச் சென்ற நேத்திர மருத்துவர் ஒருவரின் ஊர்தி! கண்மலர்களுக்குக் காரணம் வேறென்ன? அன்றிரவே உண்ணாமல் அமர்ந்து எழுதத் தொடங்கினேன். 'போர்க்கால நேத்திர வைத்திய ஊர்தி: ஓர் ஆராய்ச்சி' என்று தலைப்பிட்டேன். நாற்பது பக்கம் வளர்ந்தது. மேற்கூரையில் இருந்த வட்டத் திறப்பு, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பதற்காக என்று எழுதினேன். முன்னால் இரும்பு வடம் சுற்றும் உருளை ஒன்று இருந்தது; அது மருத்துவரின் படுக்கைத் திரையை ஏற்றி இறக்குவதற்கு என்று எழுதினேன். வடம் என் மணிக்கட்டுப் பருமன். திரை கனமானதாக இருந்திருக்கவேண்டும் என்றும் அடிக்குறிப்பு சேர்த்தேன்.

மெக்கானிக்குக்கு ஐயம் இருந்தது. எஞ்சினின் கீழிருந்து தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"சாமி, கோச்சிக்காத. பின்னால இம்மாம் பெரிய கொக்கி கீது. கண்ணு டாக்டருக்கு இன்னாத்துக்குக் கொக்கி?"

"நோயாளிகளின் கூடார வண்டியை இழுத்துச் செல்ல."

"உள்ள ரவுண்டு ரவுண்டா அலமாரி கீதே, சொம்பு வெக்கிற சைசுக்கு?"

"மருந்துக் குப்பிகள் வைக்க."

"அம்மாம் பெருசா? சொட்டு மருந்தா, குளிக்கிற மருந்தா?"

காபி கொண்டுவந்த மனைவி, "அந்தக் காலத்துல கண்ணு பெருசா இருந்திருக்கும்," என்றாள். எனக்குத் துணை நிற்கிறாள் என்று மகிழ்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபின் மகிழ்ச்சி குறைந்தது.

நவராத்திரிக் கொலு மாலையில், சங்க அரங்கில் அக்கட்டுரையை முழுதும் வாசித்தேன். மருத்துவர் இரக்கத்தோடு வீரனின் இமையைத் திறக்கும் இடத்தில் என் குரலே தழுதழுத்தது. தலைவியின் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் அவர் தினமும் வண்டியை மூன்று முறை வலம் வரத் தொடங்கினார். அவரைப் பார்த்து வேறு சில மாமியார்களும் சேர்ந்தார்கள்.

வேலையோ ஒருபக்கம் நடந்தது. எஞ்சின் முழுதும் இறுகிக் கிடந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்தோறும் முன்புறக் கைப்பிடியை அசைத்துப் பார்ப்பார் மெக்கானிக். அவர் அசைக்கும்போது நான் அருகில் நின்று ஒரு பதிகம் ஓதுவேன். பதினோராம் நாள், ஏழாம் பாட்டில், கைப்பிடி கால் சுற்று நகர்ந்தது. மண்ணெண்ணெய் என்றார் அவர். நான் மறுக்கவில்லை, இறைவன் மண்ணெண்ணெயிலும் உறைகின்றான்.

புகைக்குழாயில் குளவிகள் அடுக்கடுக்காக மண் வீடு கட்டியிருந்தன. எங்கள் அடுக்ககத்தைவிட உறுதியான கட்டுமானம் என்றார் மெக்கானிக். டயர்கள் லாரிக்குரியவை பொருந்தின. பிரேக்குக்குப் புதுத் தோல் ஒட்டினார். கார்புரேட்டரை மட்டும் மூன்று முறை பிரித்து மூன்று முறை மாட்டினார்; ஒவ்வொரு முறையும் ஒரு திருகாணி மிஞ்சியது. "இது எக்ஸ்ட்ரா சாமி, கம்பெனில தெரியாம போட்டுட்டான்," என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சைலன்சர், தொட்டவுடன் திருநீறாக உதிர்ந்துவிட்டது. புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள், ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருந்த பலகையைத் துடைக்கலானார். பல்லாண்டு ஆயுத பூசைகளின் குங்குமமும் சந்தனமும் எண்ணெயும் சேர்ந்து, வேப்பம்பட்டை போல் தடித்திருந்தது அங்கே. மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்துச் சுரண்டினார். உள்ளே ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. ஆங்கில எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. அவர் எழுத்துக் கூட்டினார்.

"ஜி... யூ... என்..."

"கன்," என்றேன். "துப்பாக்கி, பீரங்கி என்று பொருள். இங்கு எதற்கு வந்தது?"

"டி... ஆர்... ஏ... சி... டி... ஓ... ஆர்..."

"டிராக்டர்."

"கன் டிராக்டர்," என்றார் அவர். ஒரு கணம் நின்றார். மீண்டும் சற்று விரைவாகச் சொன்னார்: "கன்டிராக்டர்." மூன்றாம் முறை, அவர் ஊரில் எல்லோரும் சொல்லும் வேகத்தில் சொன்னார்: "கண்டாக்டர்."

பிறகு அவர் வண்டிக்குள்ளிருந்து சரிந்து தரையில் விழுந்து புரண்டு புரண்டு சிரித்தார். "சாமி! பீரங்கி இழுக்கிற வண்டி சாமி! கண்ணு டாக்டர்னு நாப்பது பக்கம் எழுதிக்கீறியே சாமி! அந்தச் சொம்பு அலமாரி குண்டு வெக்கிறதுக்கு! குண்டை எடுத்துக் கண்ணுல சொட்டு உட்ட நீ!"

நான் சிரிக்கவில்லை. நாற்பது பக்கம் எழுதியவனுக்குச் சிரிப்பு உடனே வராது. ஓதும்போது றன்னகரம் வேறு, டண்ணகரம் வேறு என்று ஒவ்வோர் எழுத்தையும் நாவால் காத்து வந்தவன் நான். பிறர் பிழைபட ஓதினால் திருத்தாமல் விட்டதில்லை. அந்த இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் நடுவே ஒரு பீரங்கி வண்டியே நுழைந்து போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அத்தையிடம் சென்றோம். தகட்டில் கண்டதைச் சொன்னோம். அவர் துளியும் வியக்கவில்லை.

"டிராக்டர்தான? தெரியுமே."

"தெரியுமா!" என்றேன்.

"எங்க அப்பாரு சொல்லிக்கீறாரு. சண்டை முடிஞ்சதும் ஆவடிப் பக்கத்துல ராணுவ வண்டியெல்லாம் ஏலம் உட்டாங்களாம். இங்க இருந்த பண்ணைக்காரரு, டிராக்டர்னு கேட்டதும் ஏரு ஓட்டலாம்னு எடுத்துகினு வந்துட்டாரு. கயனியில எறக்குன மொத நாளே சேத்துல பொதைஞ்சிபூட்சி. இஸ்து இஸ்து பாத்தாங்க, வர்ல. அப்புறம் எப்பிடியோ மேட்டுல ஏத்தி உட்டாங்க. அத்தோட சரி."

"பிறகு கண் எப்படி வந்தது?"

"கூட வந்த பட்டாளத்துக்காரன் 'கன் டாக்டர், கன் டாக்டர்'னு சொல்லிகினே இருந்தானாம். அப்போ எங்க அப்பாருக்குக் கண்ணு செவந்து வீங்கிகினு இருந்திச்சி. சரி, டாக்டர்ன்றானேன்னு மூணு சுத்து சுத்திக் கும்புட்டாரு. ரெண்டே நாள்ல சரியாப் பூட்ச்சி."

"இதையெல்லாம் முன்பே என்னிடம் ஏன் சொல்லவில்லை, அம்மா?"

"நீ கேக்கலியே சாமி. நீ கண்டாக்டர்னு ஏன் பேருன்னுதான கேட்ட? நான் பேரு சொன்னேன். வண்டி இன்னா வண்டின்னு கேட்டிருந்தா வண்டியைச் சொல்லியிருப்பேன்."

மெக்கானிக் அத்தையைச் சீண்டினார்: "அத்தை, பீரங்கி சாமியையா இத்தினி நாளா கும்புட்டுகினு இருந்தே?"

"போடா. என் கண்ணு நல்லாத்தான கீது. இனிமே வேண்டுதலுக்கு வேட்டு வெடிச்சா போச்சு."

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து, என் ஆராய்ச்சி முழுதும் பிழை என்று அவைமுன் ஒப்புக்கொண்டேன். தகட்டின் படத்தைத் திரையில் காட்டினேன். பழைய வண்டிகளில் நாட்டமுடையோர் குழு ஒன்றுக்கும் படம் அனுப்பியிருந்தேன். இவ்வகையில் எஞ்சியிருப்பவை மிகச் சில என்றும், இதை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போடவேண்டாம் என்றும் கெஞ்சி எழுதியிருந்தார்கள். ஆதாரம் ஏற்கப்பட்டது. தலைவியின் கவலை வேறாக இருந்தது.

"அப்ப கண்ணு டாக்டர் இல்லீங்களா? எங்க மாமியாரு காலையில மூணு சுத்து, சாயங்காலம் மூணு சுத்து போறாங்களே, அவங்ககிட்ட நான் என்னன்னுங்க சொல்றது?"

"ஒன்றும் சொல்லவேண்டாம், அம்மா. நடப்பது முழங்காலுக்கு நல்லது."

இனி ஓட்டிக் காட்டுவது மட்டுமே எஞ்சியது. நாள்கள் ஓடின. எஞ்சின் இருமும், தும்மும், ஓடாது. கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான், மிஞ்சிய மூன்று திருகாணிகளில் ஒன்று மிஞ்சியதன்று என்று மெக்கானிக் கண்டுபிடித்தார்.

கார்த்திகை கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். என் நட்சத்திரத்துக்கும் எண்ணிய காரியத்துக்கும் பொருந்திய நேரம் விடியற்காலை ஐந்தரை மணி. 'ஐந்தரை' என்று மட்டும் தலைவிக்கு எழுதி அனுப்பினேன். அவர் அதை மாலை ஐந்தரை என்று எடுத்துக்கொண்டு 'சரிங்க' என்று பதில் அனுப்பியதைப் பின்னர்தான் அறிந்தேன்.

குளித்து, பட்டுக்கரை அங்கவஸ்திரம் தரித்து, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தேன். கூட்டக் குறிப்பில் 'நானே' என்று இருந்ததால் வேறு வழியில்லை. மெக்கானிக் என் பக்கத்து இருக்கையில் சாமான்களை வைத்துவிட்டு, கைப்பிடி சுற்ற முன்னால் போனார்.

"சாமி, ஒரு விஷயம். சைலன்சர் இன்னும் வர்ல. கொஞ்சம் சவுண்டு வரும்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

அவர் கைப்பிடியைச் சுற்றினார். ஒரு முறை, இரு முறை. மூன்றாம் முறை சுற்றியபோது, ஊழிக் காலத்து ஏழு மேகங்களும் எங்கள் வாகனம் நிறுத்துமிடத்தில் ஒன்றுகூடி இடித்ததுபோல் ஓர் ஓசை எழுந்தது. புகைக்குழாயிலிருந்து எஞ்சியிருந்த குளவி வீடுகள் பீரங்கிக் குண்டுகளாகப் பறந்தன. அடுக்ககத்தின் விளக்குகள் கீழிருந்து மேலாக ஒவ்வொரு தளமாக எரிந்தன. நிறுத்தியிருந்த கார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் அலறின. வானகரம் வரையிலான நாய்கள் அனைத்தும் மறுமொழி கூறின.

மெக்கானிக் விலகியதும், அவர் கற்றுத் தந்தபடி கியரை முதல் பல்லில் தள்ளினேன். வண்டி நகர்ந்தது! பேருவகை கொண்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "கையை எட்த்துடாத சாமி, ஸ்டேரிங்கப் புடி!" என்று மெக்கானிக் ஓடிவந்து ஏறினார். மனிதர் நடக்கும் வேகந்தான். வளாகத்தைச் சுற்றிய பாதையில் முதல் சுற்றை மாட்சியோடு முடித்தேன். பிள்ளையாரைக் கடக்கும்போது ஓதவும் செய்தேன், எனக்கே கேட்கவில்லை.

தீர்மானப்படி ஒரு சுற்றுப் போதும். சுவிட்சை அணைத்தேன். வண்டி நிற்கவில்லை.

"தம்பி! அணைத்துவிட்டேன்! ஓடுகிறதே!" என்று கத்தினேன்.

"இன்னா?"

"அணைத்துவிட்டேன்!"

"ஆமா சாமி, நல்லா ஓடுது!"

எஞ்சினுக்குள் படிந்த கரி தணலாகிவிட்டால், மின்பொறி இல்லாமலும் அது தானே எரிந்து ஓடுமாம். இதைப் பின்னர் விளக்கினார். கியரும் முதல் பல்லில் சிக்கிக்கொண்டது. பிரேக்கோ மிதிக்க மிதிக்கப் பணிவோடு உள்ளே போயிற்று, வேறொன்றும் செய்யவில்லை. இரண்டாம் சுற்றில், தரைத்தளத்தில் கட்டியிருந்த துணி காயும் கயிறு ஒன்று எங்களோடு வந்துவிட்டது. யாருடையதோ ஒரு பூப்போட்ட போர்வை முன்னால் கொடியாகப் பறந்தது. மூன்றாம் சுற்றில் ஓசை கேட்டு வந்த அத்தையும் ஏரிக்கரை மக்களும் தேங்காய் கற்பூரத்தோடு முன்னால் நடக்கத் தொடங்கினார்கள். கண்டாக்டரே வலம் வருகிறார் என்று அவர்கள் எண்ணினார்கள். மாமியார்கள் பின்னால் வந்தார்கள். நடுவில் நான், "நிறுத்துங்கள்! விலகுங்கள்! நிறுத்துங்கள்!" என்று உயிர் போகக் கத்திக்கொண்டிருந்தேன். அதை அவர்கள் ஓதுதல் என்று கருதிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தலைவி தலைமுடி கலைந்து, போர்வையோடு ஓடிவந்து வண்டியின் பக்கத்தில் நடந்துகொண்டே கத்தினார்: "ஐயா! நீங்க ஜெயிச்சுட்டீங்க! மைக் போட்டுப் பாடுங்க! எத்தனை சத்தமா வேணும்னாலும் பாடுங்க! சாமி சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டோமுங்க! இதை மட்டும் நிறுத்துங்க!"

நான்காம் சுற்றில் மெக்கானிக் கீழே குதித்து, நடக்கும் வண்டியின் முன்மூடியைத் திறந்தார்.

"துணி குடு சாமி! ஈரத்துணி!"

அங்கவஸ்திரத்தை உருவி எறிந்தேன். அத்தை கையிலிருந்த தேங்காயைச் சக்கரத்திலேயே உடைத்து, அதன் நீரைத் துணிமேல் ஊற்றினார். மெக்கானிக் அதைச் சுருட்டி, காற்று உறிஞ்சும் குழாய் வாயில் அழுத்தினார். கண்டாக்டர் ஒரு முறை விக்கினார். இரு முறை விக்கினார். என் பட்டுக்கரை முழுவதையும் விழுங்கிவிட்டு, நுழைவாயிலுக்குக் குறுக்கே நின்றார்.

அந்த அமைதியை எங்கள் அடுக்ககம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு எல்லோருமாகச் சேர்ந்து தள்ளி, வாயிலின் ஓரத்தில் நிறுத்தினோம். அன்று மாலையே சங்கம் கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது: வண்டி அங்கேயே நிற்கும், ஒலிபெருக்கி தொடரும், வண்டியை இனி எவரும் எக்காலத்தும் கிளப்பலாகாது. பின்வரிசை இளைஞர்தான் முன்மொழிந்தார்.

மறுநாள் மார்கழி முதல் நாள். வெற்றி பெற்ற மகிழ்வோடு ஐந்து மணிக்குச் சந்நிதிக்குச் சென்றேன். ஒலிபெருக்கியை முடுக்கினேன். வாய் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

நான்கு சுற்றுக் கத்தலில் என் குரல் முழுதும் போய்விட்டிருந்தது. மீண்டும் முயன்றேன். ஒலிபெருக்கி வழியே, எங்கள் அடுக்ககம் முழுதும், ஒரு பூனை கதவிடுக்கில் அகப்பட்டதுபோன்ற ஓசை பரவியது. பக்கத்தில் நின்ற மனைவி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"உக்காருங்க."

அவள் பாடினாள். நான் ஓதி ஓதி அவள் விரும்பாமலே கேட்டுக் கேட்டு, அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. அடுப்படியில் முணுமுணுக்கும் குரலில், அவசரமில்லாமல் பாடினாள். எந்தச் சன்னலும் அறைந்து சாத்தப்படவில்லை. மூன்றாம் நாள், வேலை முடித்து வந்த கணினித் துறையினர் இருவர் ஃபிளாஸ்கில் தேநீரோடு படியில் வந்து அமர்ந்தார்கள். பத்தாம் நாள் பன்னிரண்டு பேர். அம்பத்தூர் மருத்துவர் எனக்கு மார்கழி முடியும்வரை பேசலாகாது என்றார். அந்தச் செய்தியை மனைவி எங்கள் உறவினர் அனைவருக்கும் தொலைபேசியில் தானே தெரிவித்தாள்.

பொங்கலுக்கு முதல் நாள் தலைவி வந்தார். "அம்மா, அடுத்த வருஷமும் நீங்களே பாடுங்க. ஐயா வேணும்னா மணி அடிக்கட்டுமுங்க," என்றார். எனக்கு அப்போது குரல் திரும்பியிருந்தது. மறுப்பதற்கு வாய் திறந்தேன்.

"தொண்டையைப் பத்திரமா வச்சுக்குங்க," என்றாள் மனைவி. "காபி கேக்க வேணும்ல?"

ஆக, நான் எதற்காகப் போராடினேனோ அந்த ஒலிபெருக்கி நிலைபெற்றுவிட்டது. மணி அடிக்கும் தொண்டும் சிறியதன்று என்று அடியார்கள் சொல்லியிருப்பார்கள். எந்தப் பாட்டில் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதனைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், பாதியில் உறங்கியவரும், உறங்காமல் இறுதிவரை வந்தவரும், அவர்தம் மனைவியரும், மாமியார்களும், மெக்கானிக்குகளும், நோய் நீங்கி, நல்ல மழை பெய்து, குழாயில் தண்ணீர் வந்து, மின்சாரம் தடைபடாது, நினைத்த காரியம் நினைத்த அளவே நடந்து, அதற்கு மேல் நான்கு சுற்றுச் சுற்றாமல் நின்று, நீடூழி வாழ்க!